கூட்டு ஊழியமும் தனிக் கல்லறையும்

எங்கள் தெருவில் ஒரு கீற்றுக் கொட்டகை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்து மூன்று குடும்பம் அங்கே கூடும். பெரும்பாலும் பொம்பளைகள். நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிறவர்கள். இந்தச் சபையை எந்தப் பாதிரியும் தோற்றுவிக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது நிவாரண வரிசையில் எங்கள் தெரு எல்லோருக்கும் பின்னால் நிறுத்தப்பட்டது. பிணம் தூக்க மட்டும் முன்னால் கூப்பிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் என் அத்தை, அப்பாவுடைய அக்கா, நாலு பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பாட ஆரம்பித்தாள். அப்படி உண்டானதுதான் இந்தச் சபை. பல வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் மூன்று சபைகள் சேர்ந்து வந்தன. ஒன்று பழைய சபை, ஒன்று அதைவிடப் பழைய சபை, இன்னொன்று நேற்று முளைத்தது. பெயர் எழுதவில்லை. எழுதினால் அந்த மூன்று பேரோடு விவகாரம் முடிந்துபோகும். எழுதாவிட்டால் மற்றவர்களும் தங்கள் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

'புதிய சபைகளுக்கான கூட்டு ஊழியம்' என்று பேர் வைத்தார்கள். காரைக்காலில் ஒரு கூடத்தில் டீ, பிஸ்கட்டோடு கூட்டம் நடந்தது. பழைய சபையின் ஐயர் பேசினார். (போதகரை ஐயர் என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். பட்டத்தைக்கூட அக்கிரகாரத்திலிருந்துதான் எடுத்தார்கள்.) அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் கூலிச் சனங்களுக்காகப் பல சபைகள் சேர்ந்து பணம் போட்டுப் புதிய சபைகளைக் கட்டி எழுப்புகிறார்களாம். பிரிவினையை மறந்து ஒன்றாக உழைக்கிறார்களாம். "அந்த மாதிரி நாமும் செஞ்சா என்ன?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அதை மறைக்கவில்லை.

அப்புறம் கட்டட நிதிக்குக் கணக்கு தொடங்கவேண்டும் என்றார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. படிவத்தை நிரப்பிக்கொடுத்தது நான்தான். பணம் எடுக்கும் அதிகாரம் சபைக்கு ஒருவர் என மூன்று பேருக்கு. அதில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். "கொட்டகைப் பக்கம் ஒருத்தர் பேரையும் சேத்து எழுதிடட்டுமா?" என்று கேட்டேன். "அவுங்களுக்கு எதுக்கு தம்பி இந்தத் தொந்தரவு, நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தது. அந்தக் கணக்கில் முதலில் விழுந்த பணம் எது தெரியுமா? வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து, அதை விற்று, பெண்கள் சேர்த்து வைத்திருந்த 6,800 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைத் திரும்ப எடுக்க அவர்களில் ஒருத்திக்கும் அதிகாரம் இல்லை. அன்றைக்கே நான் பேனாவை மூடி வைத்திருக்கவேண்டும். மூடவில்லை.

ஐப்பசி அடைமழையில் அத்தை செத்துப்போனாள்.

பழைய சபையில் கேட்டோம். "அவுங்க பேரு எங்க பதிவேட்டுல இல்லியே. ஊழியம் வேற, அங்கத்தினர் வேற" என்றார்கள். அதைவிடப் பழைய சபையில் இடம் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தாண்டை, தண்ணீர் தேங்குகிற மூலையில். அது 'உங்க சனங்க' பக்கமாம். மூன்றாவது சபைக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டமே கிடையாது. கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் எங்கள் சுடுகாட்டிலேயே குழி வெட்டி, ஊறி வந்த தண்ணீரை ஒருத்தன் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க, உள்ளே இறக்கினோம். மூன்று போதகர்களும் தவறாமல் வந்தார்கள். ஒரே குடைக்குக் கீழே நின்று ஆளுக்கொரு ஜெபம் பண்ணினார்கள்.

அந்தக் குடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

*

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்தால் நண்டலாறு, பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9இல் அங்கே வந்து இறங்கினார்கள். 1707 மே மாதம் அவர்கள் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். இந்தியாவின் புராட்டஸ்டண்டு சபை அடிமைகளை வைத்துத் தொடங்கியது என்பதை ஜூபிலி மலர்களில் பெருமையாகப் போடுகிறார்கள். அதற்கடுத்த பக்கத்தையும் போட வேண்டாமா?

1733இல் முதல் இந்தியப் போதகராக ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அவர் வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் ஊராக அலைந்து சபைகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார். தஞ்சை ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்த பறையர். அவருக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். பறையர் கையால் திருவிருந்து வாங்க வேளாளர்கள் வரமாட்டார்கள் என்று பயந்தார்கள். 1741இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே செத்தார். புதிய சபையைக் கட்டுகிறவன் சேரிக்காரன், அதற்குக் கையெழுத்துப் போடுகிறவன் மேல்சாதிக்காரன். என் வங்கிப் படிவம் அன்றைக்கே அச்சாகிவிட்டது.

எங்கள் காரைக்காலுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறையர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் காரைக்காலிலிருந்து போன ஒரு பாதிரி அதைப் பார்த்துவிட்டு, இதைக் கேளுங்கள் என்று பறையர்களைத் தூண்டிவிட்டார். அவர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். ஆக, 'நூற்றாண்டுப் பழக்கம், மெதுவாத்தான் மாறும்' என்கிற பேச்சு எங்களிடம் எடுபடாது. 1745இல் கேட்டவுடன் ஒரு சுவர் விழுந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்த சுவர் இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் போராட்டப் பொருளாக இருந்தது. பழக்கம் மாற நேரமாகிறது என்பது பொய். மாற்ற மனசில்லை என்பது மெய்.

சபைகள் ஒன்றுபட்டால் சாதி போய்விடும் என்று நினைக்கிற நல்லவர்களுக்காக இன்னும் கொஞ்சம் வரலாறு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனே, முழுசாக விட்டுத் தீரவேண்டும் என்று தென்னகச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பிற்பாடு அப்படிப்பட்டவர்களுக்கு லைப்சிக் லுத்தரன் மிஷன் வாசலைத் திறந்து வைத்தது. 1850 வாக்கில் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்டு மிஷன்கள், சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று சேர்ந்து முடிவெடுத்தபோதும் லைப்சிக் மட்டும் சேரவில்லை. எனக்குத் தெரிந்து சபைகளின் கூட்டு சாதியின் மேல் நேராகக் கை வைத்தது அந்த முறைதான். அதிலும் பின்கதவு ஒன்று திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கூட்டு வேறு வகை. மிஷன்கள் ஜில்லா ஜில்லாவாக எல்லை பிரித்துக்கொண்டன. இவன் வயலில் அவன் அறுக்கக்கூடாது, அவன் கரையில் இவன் கால் வைக்கக்கூடாது. சேரிச் சனங்கள் கும்பல் கும்பலாகச் சபைக்கு வந்த காலம் அது. வந்தவனிடம் உனக்கு எந்தச் சபை வேணும் என்று யாராவது கேட்டார்களா? எந்த எல்லைக்குள் பண்ணையாளாக இருந்தானோ அந்த எல்லைக்குரிய சபைதான் அவன் சபை. மிராசுதார்கள் வாய்க்கால் தண்ணீரைப் பங்கு வைத்த மாதிரி ஆத்துமாக்களைப் பங்கு வைத்தார்கள்.

1919 மே 1, 2 தேதிகளில் அதே தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். வே. ச. அசரியா தலைமையாக நின்றார். அங்கிருந்து வெளிவந்த அறிக்கைதான் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறப்பதற்கு விதை. உலகமே வியந்த இணைப்பு அது. அந்த அறிக்கை எதற்காக அழுதது? தாங்கள் உண்டாக்காத, வெளியிலிருந்து தங்கள் மேல் சுமத்தப்பட்ட பிரிவினைகளுக்காக. ஆங்கிலிக்கன், பிரெஸ்பிடீரியன் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவினைகளுக்காக. சரி ஐயா. தாங்களே உண்டாக்கிய பிரிவினைக்காக? ஊர் என்றும் சேரி என்றும் கோயிலுக்குள்ளேயும் கோடு போட்டீர்களே, அதற்காக? அதற்கு அங்கே ஒரு வரி இல்லை.

அசரியாவைக் குறைத்துப் பேசவில்லை. தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா சனங்களோடு வாழ்ந்தவர். 1910இல் எடின்பரோவில் வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னால் நின்று, தானதர்மம் போதாது, எங்களுக்கு நட்பு வேண்டும் என்று கேட்டவர். அவர் வெள்ளையரிடம் கேட்டதைத்தான் அவருடைய வாரிசுகளிடம் இன்று நாங்கள் கேட்கிறோம். உங்கள் பிஸ்கட் போதாது.

*

இனி அந்த அமெரிக்கக் கதைக்கு வருவோம். ஐயர் பாதிக் கதையைத்தான் சொன்னார். தோட்டத்தில் பழம் பறிக்கவும் ஓட்டலில் பாத்திரம் கழுவவும் வந்த ஸ்பானிய மொழிச் சனங்களுக்கு அங்கேயும் பெரும்பாலும் கிடைப்பது, வெள்ளையர் ஆராதனை முடிந்தபின் மிச்சமிருக்கும் பிற்பகல் நேரமும் கீழ்த்தளத்து அறையும்தான். சாவி வேறு ஆளிடம் இருக்கும். கட்டடம் இரவலாகக் கிடைப்பதும் சபையில் சமமாக இருப்பதும் ஒன்றல்ல என்று அங்கேயும் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் சொல்லத் தகுந்த இன்னொரு கதை அங்கே உண்டு. எல் சால்வடாரில் ஏழைகளுக்காகப் பேசிய பேராயர் ஆஸ்கார் ரொமேரோ 1980 மார்ச் 24இல் பூசை வைக்கும்போதே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ராணுவக் கொலைகாரர்களுக்குப் பணமும் துப்பாக்கியும் அனுப்பியது அமெரிக்க அரசு. உயிர் பிழைக்க ஓடிவந்த சனங்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியதும் அதே அரசு. 1982இல், ரொமேரோ செத்த அதே தேதியில், அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஒரு பிரெஸ்பிடீரியன் சபை, எங்கள் கோயில் இவர்களுக்கு அடைக்கலம் என்று பகிரங்கமாக அறிவித்தது. கத்தோலிக்கர், குவேக்கர், யூதர் என்று நூற்றுக்கணக்கான சபைகள் பின்னால் சேர்ந்தன. அரசாங்கம் உளவாளிகளைக் கோயிலுக்குள் அனுப்பியது. 1986இல் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. பாதிரிகள், கன்னியாஸ்திரி எல்லாம் அதில் உண்டு.

இதற்குப் பெயர் கூட்டு ஊழியம். தன் வசதியை, தன் சாதிசனத்தை, தன் அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டு செய்வது. எங்கள் மூன்று சபைகளும் யாரைப் பகைத்துக்கொண்டன? கல்லறைத் தோட்டத்துக்கு உபயம் பண்ணின பெரிய குடும்பத்தின் முகம் சுண்டிவிடக்கூடாது என்பதற்காக ஒரு கிழவியை மழையில் காக்கவைத்தார்கள்.

சேரியே தன் காலில் நின்று ஒரு புதிய சபையைக் கேட்டால் என்ன நடக்கும்? எறையூரைப் பாருங்கள். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தாங்களே கட்டிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொன்னார்கள். சாவு ஊர்வலத்துக்கும் கல்லறைக்கும் பேதம் பார்க்கிற கோயிலில் இனிமேல் நிற்கமாட்டோம் என்றார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்கள் வீடு புகுந்து தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்கின பக்கத்தில் இரண்டு உயிர் போயிற்று. சாதி தன் காவல்காரனையும் விடுவதில்லை. பிரிந்து போனால் ஒற்றுமை கெடும் என்று நமக்குத்தான் உபதேசம் பண்ணினார்கள். நாம் கையேந்தி நின்றால் 'புதிய சபை', நிமிர்ந்து கேட்டால் 'பிரிவினை'.

*

இதையெல்லாம் வெளியில் சொன்னால் காவிக்காரன் எடுத்துப் பயன்படுத்துவான் என்று சபைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது எல்லாச் சபைகளும் ஒன்றாகத் தெருவுக்கு வந்தன, பள்ளிக்கூடங்களை மூடின. நல்லது. சட்டம் 2004இல் வாபஸ் ஆனது. அதுவும் நல்லது. அந்தத் தெருவில் நாங்களும் நின்றிருந்தோம். சொத்துக்கும் பள்ளிக்கும் ஆபத்து என்றால் ராத்திரிக்கு ராத்திரி ஒன்றுபட முடிகிறவர்களுக்கு, ஒரு கல்லறைச் சாவியைத் திருப்ப ஏன் முந்நூறு வருஷம் ஆகிறது? காவிக்காரனுக்குத் தீனி போடுவது என் கட்டுரை அல்ல, உங்கள் சுவர். அவன் யோக்கியதையும் நமக்குத் தெரியும். தன் கோயில் தேரை எங்கள் தெருவுக்குள் விடாதவன் எங்கள் கல்லறைக்காகக் கண்ணீர் விடவேண்டாம்.

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதி ஆகமுடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஐயும் கறுப்பு நாள் என்று கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து அனுசரிக்கிறார்கள். 2013 டிசம்பரில் டெல்லி ஊர்வலத்தில் ஆயர்களே தண்ணீர்ப் பீரங்கியை எதிர்கொண்டு போலீஸ் பிடியில் போனார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். 1985இல் உச்ச நீதிமன்றம், செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை என்பவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொல்லித் தள்ளியது. அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது? சபைகளின் பதிவேட்டில், கல்லறைத் தோட்டத்துப் படத்தில், குருமார் பட்டியலில் இருக்கிறது. டெல்லியில் 'எங்கள் சபைக்குள் சாதி இருக்கிறது, சலுகை கொடு' என்று கேட்கிறவர்கள் ஊருக்குத் திரும்பியதும் 'நமக்குள்ளே சாதி ஏது, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒண்ணு' என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்கமுடியும். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு சேகரத்திலும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இன்னொரு பக்கம் நம் தோழர்கள். "எதுக்குத் தோழர் அந்தக் கொட்டகையைக் கட்டி அழறீங்க? அம்பேத்கர் வழி காட்டிட்டுப் போயிருக்காரே" என்கிறார்கள். மதம் மாறிய தலித்தின் நிலையைப் பற்றி அம்பேத்கரே எழுதியிருக்கிறார். சைமன் குழுவிடம் தென்னாட்டுத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் கொடுத்த மனுவை எடுத்துக்காட்டி, சபைக்குள்ளும் நாங்கள் தீண்டப்படாதவர்கள்தான் என்ற அவர்கள் குரலைப் பதிவு செய்திருக்கிறார். அவர் அந்தச் சனங்களை ஏளனம் பண்ணவில்லை. சபையைத்தான் கூண்டில் ஏற்றினார். நான் ஜெபம் பண்ணுகிறவன் இல்லை. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் முதன்முதலாக ஒரு நோட்டில் தங்கள் பேரைத் தாங்களே எழுதியது அந்தக் கொட்டகையில்தான். புருஷன் அடித்தால் நாலு பேர் போய்க் கேட்க ஆரம்பித்ததும் அங்கிருந்துதான். அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து தின்பதுதான் சபை என்று சேரிச் சனங்களின் மெட்டிலேயே பாட்டுக் கட்டினார். அதை வெறும் பக்தி என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு. நம் சனம் எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்று சண்டை போடுவதுதான் இயக்கம்.

ஆகவே கூட்டு ஊழியக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். நீங்கள் சேர்ந்து வருவதை நாங்கள் தடுக்கவில்லை. எதில் சேர்கிறீர்கள் என்று கேட்கிறோம்.

ஒன்று, கணக்கில் கொட்டகைப் பெண்கள் இரண்டு பேருடைய கையெழுத்து இல்லாமல் பணம் நகரக்கூடாது.

இரண்டு, மூன்று சபையில் எது உதவிக்கு வந்தாலும் புதிய சபையின் பெயர்கள் முழு அங்கத்தினராகப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஓட்டு உண்டு, கமிட்டியில் இடம் உண்டு. 'ஊழியத் தளம்' என்ற பேச்சே வேண்டாம்.

மூன்று, கல்லறைத் தோட்டத்தில் சுவரும் மூலையும் கிடையாது. செத்த வரிசைப்படி குழி. தூம்பா வண்டி எல்லோருக்கும் ஒன்று.

நான்கு, இந்தக் கொட்டகையிலிருந்தே ஒருவரைப் படிக்கவைத்துக் குருப்பட்டம் கொடுக்கவேண்டும். ராஜநாயக்கனுக்குக் கொடுக்காமல் விட்டதை இனியாவது கொடுங்கள்.

இந்த நான்கிலும் சேர முடியாத சபைகள் வேறு எதில் சேர்ந்தாலும் எங்களுக்கு அக்கறை இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்குப் போங்கள். எத்தனை வாசல், எத்தனை சுவர், எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று படம் வரைந்து எடுத்து வாருங்கள். 1985இல் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் அதுதான். அதை நாமே தொகுக்கலாம். யார் தயவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை நான் மட்டும் போகப்போவதில்லை. பெண்கள் ஏழு பேர் வருகிறார்கள். நிரப்பாத புதுப் படிவம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போகிறோம். அத்தை இருந்த இடத்தில் இப்போது கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற பெரியம்மாவிடம், "அவுங்க ஒத்துக்கலன்னா என்ன பண்றது பெரிம்மா?" என்று கேட்டேன்.

"பிடியரிசிய நிறுத்திட்டோம்ப்பா. எங்க கையெழுத்து எப்ப ஏறுதோ அப்ப அரிசி வரும்" என்றார்.